முதல் பேஸிலிருந்து

கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்
யார் எறிந்த பந்து என்று.
செல்வராணி எறிந்தால் சுழன்று வந்து விரலைக் கடிக்கும்.
கௌசல்யா எறிந்தால் எங்கோ வானத்தில் போகும்,
நான் குதிக்க வேண்டும்.
நாகவேணியின் பந்து மட்டும்
நெஞ்சுக்கு நேரே வந்து
கிளவுக்குள் ஒரே ஒரு சொல் சொல்லும்:
டப்.

இரண்டு வருடம் அந்தச் சொல்லால்
என் உள்ளங்கை சிவந்தே கிடந்தது.
மருதாணியா என்று கேட்டாள் அம்மா.

கிருஷ்ணகிரி மண், எவ்வளவு பொறுக்கினாலும்
மறுநாள் கல் முளைத்திருக்கும்.
உருண்டு வரும் பந்து
கடைசி முழத்தில் மனம் மாறும்.
அதை நம்பாமல் நம்பத் தெரிந்தவளுக்குத்தான்
ஷார்ட் ஸ்டாப்.
ஒரு மணிக்குக் குவாரியில் வெடி வைப்பார்கள்,
தரை ஒருமுறை நடுங்கும்,
எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்ப்போம்.
அவள் குனிந்தபடியே இருப்பாள்,
பந்து வரும் என்று.

சேலத்தில், அரையிறுதியில்,
இடப்பக்கம் போனவள் வலப்பக்கம் திரும்பினாள்.
பாதம் அங்கேயே நின்றுவிட்டது.
காய்ந்த புளியம்பழத்தை நெரித்தது போல் ஒரு சத்தம்
முதல் பேஸ்வரை கேட்டது.
சத்தியமாகக் கேட்டது.
அப்போதும் பந்தை விடவில்லை அவள்.
விரல் விரலாகப் பிரித்து
நான்தான் எடுத்தேன்.

தருமபுரியில், காப்பீட்டு அட்டையில், ஆபரேஷன்.
தொடையிலிருந்து நரம்பெடுத்து மூட்டில் கட்டினார்களாம்.
"அங்கேர்ந்து இங்க. நல்ல ரிலே த்ரோ" என்றாள்
மயக்கம் தெளியாத வாயோடு.

பிறகு பத்து மாதம்.
அதில் வீரம் ஒன்றுமில்லை.
கழிவறையில் குந்த முடியாத பத்து மாதம்.
டவுன் பஸ்ஸின் முதல் படியை
எதிரணியைப் போல முறைத்த பத்து மாதம்.
மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் போய்
அழுகல் பிரித்தாள்.
இவளுக்கு மட்டும் என்ன ஸ்டூல் என்ற சூப்பர்வைசருக்குத்
தழும்பைக் காட்டினாள்.
விளையாட்டுக் கோட்டாவில் வந்தவள்
விளையாடாமல் எதற்கு என்று
கல்லூரி அலுவலகத்தில் யாரோ கேட்டதும்
அப்போதுதான்.

பந்தல்காரர் மறந்துபோன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று,
முதுகில் 'மாதேஸ்வரா சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியது.
மாலையில் அதை ஷார்ட் ஸ்டாப்பில் போட்டு
உட்கார்ந்தபடி எறிவாள்.
காலில்லாமல் பந்துக்கு வேகம் ஏது?
மூன்று முறை குதித்து, தவழ்ந்து, என்னிடம் வரும்.
கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன்.
திரும்ப நடப்பேன்.
அவள் எண்ணுவாள்.
நூறு ஆனால் இருட்டியிருக்கும்.

அவள் இடத்தில் இப்போது
சூளகிரியிலிருந்து வந்த ஹேமாவதி.
பொய் சொல்லக் கூடாது, நன்றாக ஆடுகிறாள்.
நாகவேணிக்கு இரண்டாம் பேஸ்.
எறிய வேண்டிய தூரம் குறைவு.
அதில் வருத்தமா என்று கேட்க
எனக்குத் துணிவில்லை.

திரும்பி வந்த முதல் ஆட்டம், ஊத்தங்கரை அணியோடு.
ஐந்து இன்னிங்ஸ் அவள் பக்கம் பந்தே வரவில்லை.
மூட்டுறையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள்.
ஆறாவதில் வந்தது,
கல்லில் பட்டு ஒடிந்தது,
சேலத்தில் போல
இடப்பக்கம் போய் வலப்பக்கம் திரும்ப வேண்டிய பந்து.

நான் பந்தைப் பார்க்கவில்லை.
அவள் காலைப் பார்த்தேன்.
முதல் பேஸில் நிற்பவள் செய்யவே கூடாதது.
கால் திரும்பியது.
டப் என்றபோதுதான்
என் கிளவில் பந்து இருப்பது தெரிந்தது.
நெஞ்சுக்கு நேரே.

ஓடிவந்தவள் அரையடி முந்திவிட்டாள்.
நடுவர் இரண்டு கையையும் விரித்து
"சேஃப்" என்றார்.

நாகவேணி அவரையே பார்த்தாள்.
குனிந்து முழங்காலைப் பார்த்தாள்.
சிரிக்க ஆரம்பித்தாள்.
ஆள் ஏறிடுச்சு, என்ன சிரிப்பு என்று
வெளியிலிருந்து சார் கத்துகிறார்.

"பர்வீன், பந்தக் குடுடி."

கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.
எறிந்தேன்.